அலையாத்தி நடும் கைக்கு அடுத்த மாதம் என்ன வேலை?

காரைக்காலிலிருந்து தரங்கம்பாடி போகும் சாலையில் வரிச்சிக்குடியை ஒட்டிக் கடல் பக்கம் இருக்கிறது திருவேட்டக்குடி. சம்பந்தர் பாடிய தலம். தவம் செய்த அர்ச்சுனன் முன் சிவன் வேடனாக வந்து நின்ற கதையைச் சொல்லும் கோயில் ஊரின் பழைய அடையாளம். 2010-இல் தொடங்கப்பட்ட புதுச்சேரி என்.ஐ.டி.யின் வளாகம் புதிய அடையாளம். சுற்றிலும் நெல்வயல், கிழக்கே மண்டபத்தூர், காளிக்குப்பம் என்று மீனவர் ஊர்கள், வடக்கே கொஞ்ச தூரத்தில் நண்டலாறு. ஆற்றைத் தாண்டினால் தமிழ்நாடு, மயிலாடுதுறை மாவட்டம்.

இந்தச் சிறிய வட்டத்துக்குள் இருவகை வேலையின்மை உண்டு. நடவுக்கும் அறுப்புக்கும் எந்திரம் வந்துவிட்டதால் நிலமில்லாத கூலிக் குடும்பங்களுக்கு வயல் வேலை வருடத்தில் சில வாரங்களாகச் சுருங்கிவிட்டது. அவர்களில் பெரும்பாலோர் பட்டியல் சாதியினர், அதிலும் பெண்கள். மீனவர் ஊரிலோ ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. விசைப்படகில் கூலிக்குப் போகிறவர், கரையில் மீன் பிரிக்கிறவர், கூடை சுமந்து விற்கிறவர் என எல்லாரும் அந்த இரண்டு மாதத்தை நிவாரணத்தையும் வட்டிக்கடனையும் வைத்தே ஓட்டுகிறார்கள்.

அதே வட்டத்துக்குள் செய்யப்படாமல் கிடக்கும் வேலைக்குக் குறைவில்லை. தூர்ந்த வாய்க்கால், ஆகாயத்தாமரை மண்டிய குளம், உவர் ஏறிய நிலம், முகத்துவாரத்தில் ஒதுங்கும் பிளாஸ்டிக், அறுந்த நைலான் வலை, மெலிந்துபோன கரையோரக் காடு. செய்ய வேண்டிய வேலையும் இருக்கிறது, சும்மா இருக்கும் கையும் இருக்கிறது. இரண்டையும் இணைக்கும் கூலிதான் இல்லை. ‘பசுமை வேலை’ என்று இன்று உலகெங்கும் பேசப்படுவது இந்த இணைப்பைப் பற்றித்தான்.

ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் தொழிற்சங்க, முதலாளிகள் கூட்டமைப்புகளோடு சேர்ந்து 2008-இல் பசுமை வேலைகள் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டன. சூழலைக் காப்பது மட்டும் போதாது, அந்த வேலை கண்ணியமானதாகவும் இருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. குறைந்த கூலிக்குக் கையுறை இல்லாமல் குப்பை பிரிப்பது சூழலுக்கு நல்லதாக இருக்கலாம், பிரிக்கிறவருக்கு நல்லதல்ல. இந்தியா 2015-இல் பசுமை வேலைகளுக்கென ஒரு திறன் கழகத்தை அமைத்து, ‘சூரியமித்ரா’ என்ற பெயரில் சூரியத் தகடு பொருத்துவோருக்குப் பயிற்சி கொடுக்கத் தொடங்கியது. ஐ.டி.ஐ. படித்த இளைஞருக்கு அது உதவும். நாற்பத்தைந்து வயதில் நடவு வேலையை இழந்த பெண்ணுக்கு அதில் இடம் குறைவு. ராஜஸ்தானின் திலோனியாவில் 1972-இல் பங்கர் ராய் தொடங்கிய வெறுங்கால் கல்லூரி, எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிமாரையே சூரிய மின் பொறியாளர்களாக்கிக் காட்டியது. முடியாத காரியம் இல்லை. ஆனால் அது இங்கே பரவலான அரசுத் திட்டமாகவில்லை.

காவிரி டெல்டாக் கடற்கரையைப் பொறுத்தவரை இந்தக் கேள்வி சூரியத் தகட்டில் தொடங்கவில்லை. இறாலில் தொடங்கியது.

1990-களின் தொடக்கத்தில் நாகப்பட்டினம், காரைக்கால் கடலோரத்தில் இறால் பண்ணைகள் பரவின. நெல் விளைந்த நிலத்தில் குட்டை வெட்டிக் கடல்நீரை ஏற்றினார்கள். பக்கத்து வயல் உவரானது, குடிநீர்க் கிணறு கரித்தது, மீனவர் கடலுக்குப் போகும் வழி அடைபட்டது. இவற்றோடு இன்னொன்றும் நடந்தது. அதைக் கூலிக்காரர்களே முதலில் உணர்ந்தார்கள். நாற்று, நடவு, களை, அறுப்பு என்று ஊரையே அழைத்த நிலத்துக்கு இப்போது தீனி போடவும் காவல் காக்கவும் நாலைந்து பேர் போதும். கீழ்வெண்மணிக் கொடுமைக்குப் பிறகு அந்தப் பகுதியிலேயே தங்கிவிட்ட சர்வோதயத் தம்பதி எஸ்.ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும் இதை எதிர்த்துச் சத்தியாகிரகம் நடத்தினார்கள். ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றத்துக்கும் போனார்.

1996 டிசம்பர் 11-இல் நீதிபதிகள் குல்தீப் சிங், சாகீர் அகமது அமர்வு தீர்ப்பளித்தது. கடலோர ஒழுங்காற்று மண்டலத்துக்குள் இருக்கும் இறால் பண்ணைகளை அகற்ற வேண்டும் என்ற பகுதியைப் பலரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். தொழிலாளர் பற்றிய பகுதியைப் பேசுகிறவர்கள் குறைவு. மூடப்படும் பண்ணைகளில் ஓராண்டுக்குக் குறையாமல் வேலை செய்தவர்களை ஆட்குறைப்பு செய்யப்பட்டவர்களாகக் கருதி, தொழில் தகராறுகள் சட்டப்படி இழப்பீடு தர வேண்டும்; அதற்கு மேல் ஆறாண்டுக் கூலியும் தர வேண்டும் என்றது நீதிமன்றம். ‘நியாயமான மாற்றம்’ என்று இன்று காலநிலை மாநாடுகளில் பேசப்படும் கருத்து இதுதான்: சூழலைக் கெடுக்கும் தொழிலை மூடலாம், ஆனால் அதன் சுமையைக் கூலிக்காரன் தலையில் வைக்கக் கூடாது. அதை ஓர் இந்திய நீதிமன்றம் காவிரிக் கடைமடையை மனத்தில் வைத்து முப்பது ஆண்டுக்கு முன்பே எழுதியிருக்கிறது. மறுஆய்வு மனுக்களும், 2005-இல் வந்த கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டமும் அந்தத் தீர்ப்பின் முனையை மழுக்கிவிட்டன. பண்ணைகள் இன்றும் இருக்கின்றன. ஆறாண்டுக் கூலி என்ற அளவுகோலை மட்டும் யாரும் திரும்ப எடுத்துப் பார்க்கவில்லை.

கிருஷ்ணம்மாள் எடுத்த வழி வேறு. 1981-இல் அவர்கள் தொடங்கிய ‘லாஃப்டி’ அமைப்பு நிலக்கிழார்களோடு பேசி, வங்கிக் கடன் திரட்டி, நிலத்தை வாங்கி, நிலமற்ற தலித் பெண்கள் பெயரில் பதிவு செய்தது. அவர் வேலை வாங்கித் தரவில்லை, வேலைக்கு ஆதாரமான நிலத்தையே வாங்கித் தந்தார். பசுமை வேலைவாய்ப்பு பற்றிய கூட்டங்களில் இந்த உதாரணம் ஏனோ வருவதே இல்லை. நிலச் சீர்திருத்தம் என்று தனி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டோம் போலும்.

அடுத்த உதாரணம் கொள்ளிடத்துக்கு வடக்கே இருக்கும் பிச்சாவரம். அங்கே நடந்ததைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும், ஏனென்றால் சூழல் அறிவியலும் கூலி வேலையும் ஒன்றாகக் கலந்த இடம் அது. வெள்ளையர் காலத்தில் தொடங்கி 1970-கள் வரை, கூறு கூறாகப் பிரித்து அலையாத்திக் காட்டை மொட்டையாக வெட்டும் முறை இருந்தது. வெட்டிய இடம் தானாக வளர்ந்துவிடும் என்று நினைத்தார்கள். வளரவில்லை. நிழல் போனதும் சேறு காய்ந்து நிலம் உள்வாங்கித் தொட்டி போல ஆனது. ஏறிய கடல்நீர் வடியாமல் நின்று வெயிலில் சுண்டி, மண்ணில் உப்பு ஏறியது. அந்த உப்பில் எந்த நாற்றும் பிழைக்கவில்லை.

எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் தமிழ்நாடு வனத்துறையும் 1990-களில் கண்ட தீர்வு எளிமையானது. மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டுவது. நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், இரு பக்கமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்கள், அவற்றின் கரையில் வெண்கண்டல் நாற்று. ஓதம் ஏறும்போது நீர் எல்லா முள்ளுக்குள்ளும் புகுந்து, வற்றும்போது உப்பைக் கரைத்துக்கொண்டு வெளியேறும். முழங்கால் புதையும் சேற்றில் மண்வெட்டியும் கூடையும் கொண்டு ஆட்கள்தான் வெட்ட வேண்டும். செலவில் பெரும்பகுதி கூலி. வெட்டியதோடும் முடிவதில்லை, ஒவ்வொரு மழைக்கும் வண்டல் படிந்து வாய்க்கால் தூர்ந்துபோகும், திரும்பத் தூர் வாரினால்தான் காடு பிழைக்கும்.

அங்கே வாழும் இருளர்களின் கதையும் இதோடு சேர்ந்தது. ஓலைப் பறியை வாயில் கவ்விக்கொண்டு, சேற்று நீரில் தவழ்ந்து, வெறுங்கையால் துழாவி இறால் பிடிப்பது அவர்கள் தொழில். அப்போது அவர்களிடம் படகு இல்லை, வலை இல்லை, பழங்குடிச் சான்றிதழ்கூட இல்லை. காடு மீட்கும் திட்டம் அவர்களை நாற்று நடும் கூலியாக மட்டும் பார்த்திருந்தால் திட்டம் முடிந்த அன்றே பழைய நிலைக்குத் திரும்பியிருப்பார்கள். நிறுவனம் சான்றிதழ் வாங்க உதவியது. படகும் வலையும் கிடைக்க வழி செய்தது. காடு தழைத்தால் இறாலும் நண்டும் பெருகும், அதைப் பிடிக்க உரிமையும் கருவியும் தங்களிடம் இருக்கிறது என்ற நிலை வந்த பிறகுதான் காடு அவர்களுக்கும் வேண்டியதானது.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை காரைக்கால் கடலோரத்தில் 480-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. பக்கத்து நாகப்பட்டினம் மாவட்டத்தில் ஆறாயிரத்துக்கும் மேல். அதற்குப் பிறகு கரையோரக் காடு என்ற சொல் அரசுக் கோப்பில் அடிக்கடி வந்தது. வேதாரண்யம் பக்கம் நாலுவேதபதி கிராமம் 2002-இல் ஒரே நாளில் 80,244 கன்றுகள் நட்டு கின்னஸ் புத்தகத்தில் இடம்பிடித்திருந்தது. பேரலை வந்தபோது அந்த மரங்கள் ஊரைக் காத்தன என்று செய்திகள் வந்தன. உலக வங்கி உதவியோடு தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் நடந்த மறுகட்டமைப்பில் வீடு, சாலையோடு கரையோரத் தோப்புகளும் சேர்ந்தன. எங்கு பார்த்தாலும் சவுக்கு. சவுக்கு சீக்கிரம் வளரும், நட்ட கணக்கைக் காட்ட வசதி. ஆனால் மணல்மேட்டில் வரிசையாகச் சவுக்கை நெருக்கினால் ஆமை முட்டையிடும் கரை சுருங்கும் என்று சூழலியலாளர்கள் அப்போதே எச்சரித்தார்கள். வேலை என்ற கோணத்தில் பார்த்தாலும் சவுக்கு கஞ்சத்தனமான மரம்: நடும்போது சில நாள் கூலி, வெட்டும்போது சில நாள் கூலி, நடுவில் ஒன்றுமில்லை. காரைக்காலின் அரசலாற்று முகத்துவாரத்தில் இருக்கும் சிறு அலையாத்தித் திட்டை மீன்முள் வாய்க்காலோடு விரித்தால் ஆண்டுதோறும் தூர் வாரும் வேலை இருக்கும். கடலோர அலையாத்திக்கென மத்திய அரசு 2023-இல் அறிவித்த ‘மிஷ்டி’ திட்டத்தின் பணத்தில் பராமரிப்புக் கூலிக்கு எத்தனை ஆண்டு இடம் ஒதுக்குகிறார்கள் என்பதைத்தான் ஊர்க்காரர்கள் முதலில் கேட்க வேண்டும்.

பேரலையின் துயரத்திலிருந்தே பிறந்த இன்னொரு முயற்சி புதுச்சேரியை ஒட்டிய ஆரோவில்லில் நடந்தது. துணி வெட்டும்போது விழும் துண்டுகளைக் கொண்டு, விரல் நீளத்துக்கு ‘சுனாமிகா’ என்ற பொம்மையைச் செய்ய மீனவப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். பொம்மையை விற்பதில்லை, அன்பளிப்பாகக் கொடுப்பது. விரும்பியவர் தரும் நன்கொடையிலிருந்து பெண்களுக்குக் கூலி. துயரத்திலிருந்து மீள அது பெரிய துணையாக இருந்தது. வாழ்நாள் தொழிலாக அதைப் பார்க்க முடியாது. உலகத்தின் இரக்கம் எத்தனை ஆண்டுக்குச் சம்பளம் கொடுக்கும்?

வாழ்நாள் தொழிலாக நின்ற உதாரணம் ஒன்று செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் இருக்கிறது. 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதைத் தொடர்ந்த தடைகளும் பாம்புத் தோல் வணிகத்தை முடக்கியபோது, பாம்பு பிடிப்பதையே நம்பியிருந்த இருளர் குடும்பங்கள் ஒரே அடியில் வேலை இழந்தன. தொழிலைத் தடை செய்த சட்டம் தொழிலாளியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கரின் முயற்சியோடு 1978-இல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் உருவானது. பாம்பைக் கொல்லாமல் நஞ்சை மட்டும் எடுத்து விற்பது அதன் வேலை. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கு மட்டும். பிடித்து வந்த பாம்பை மண்பானையில் இட்டு வாயைத் துணியால் கட்டி, சில வாரம் வைத்திருக்கிறார்கள். இடைவெளி விட்டு நஞ்சு எடுக்கிறார்கள். பாட்டிலின் வாயில் கட்டிய சவ்வைப் பாம்பு கடிக்கும்போது மஞ்சள் துளிகள் உள்ளே இறங்கும். வயிற்றுச் செதிலில் ஓர் அடையாளம் வெட்டித் திரும்பக் காட்டில் விடுகிறார்கள். அடையாளம் உள்ள பாம்பு மறுபடி சிக்கினால் உடனே விட்டுவிட வேண்டும். நாட்டின் நஞ்சுமுறி மருந்துக்குத் தேவையான நஞ்சில் பெரும்பகுதி நெடுங்காலமாக இங்கிருந்துதான் போகிறது. திருவேட்டக்குடி வரப்பில் விரியன் கடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப்படும் கூலிக்காரருக்கு ஏற்றும் மருந்திலும் இருளர் கைப்பட்ட நஞ்சு இருக்க வாய்ப்புண்டு. 2023-இல் சங்கத்தைச் சேர்ந்த மாசி சடையனுக்கும் வடிவேல் கோபாலுக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது.

இந்தச் சங்கம் ஏன் நிலைத்தது என்று பார்த்தால் மூன்று காரணம் தெரிகிறது. திறமை ஏற்கெனவே அவர்களிடம் இருந்தது, வெளியார் வந்து கற்றுத் தரவில்லை. சரக்கை வாங்க மருந்து நிறுவனங்கள் காத்திருந்தன. பிடிக்கும் உரிமத்தை வனத்துறை சங்கத்தின் பெயரில் கொடுத்தது. இந்த முக்காலியில் மூன்றாவது கால்தான் அவ்வப்போது ஆடும். உரிமம் தாமதமான ஆண்டுகளில் சங்கம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறது.

மன்னார் வளைகுடாவில் அந்த மூன்றாவது கால் இல்லாமலே போனது. பாம்பன், சின்னப்பாலம் பெண்கள் தலைமுறைகளாக மூச்சடக்கி முங்கிக் கடற்பாசி எடுக்கிறவர்கள். துணியை விரலில் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டி, ரப்பர்ச் செருப்போடு இறங்குவார்கள். 1986-இல் 21 தீவுகளையும் சுற்றிய கடல் தேசியப் பூங்காவானது. பாசி எடுத்த பெண்கள் அத்துமீறியவர்களாகிவிட்டார்கள். வலையும் பாசியும் பறிமுதல், அபராதம், அவமானம். அந்தப் பெண்களே கூடிப் பேசி, மாதத்தில் 12 நாள் மட்டும் எடுப்பது, பாசியைச் சுரண்டும் இரும்புக் கருவியைத் தொடுவதில்லை என்று கட்டுப்பாடு விதித்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவரான லட்சுமி மூர்த்திக்கு 2015-இல் அமெரிக்காவின் சீகாலஜி விருது கிடைத்தது. அதே காலத்தில், அயல்நாட்டுக் காப்பாபைகஸ் பாசியை மிதவையில் வளர்க்கும் தொழிலை அரசும் நிறுவனங்களும் சுயஉதவிக் குழுக்களிடம் கொண்டுபோயின. பெண்களுக்கு வருமானம் வந்தது உண்மை. அந்தப் பாசி மிதவையை விட்டுக் குருசடைத் தீவுப் பவளப்பாறையில் படர்ந்ததை ஆய்வாளர்கள் 2008-இல் பதிவு செய்ததும் உண்மை. 2023-இல் ராமநாதபுரம் மாவட்டம் வளமாவூரில் 127 கோடி ரூபாய்க்குக் கடற்பாசிப் பூங்காவுக்கு அடிக்கல் நாட்டப்பட்டிருக்கிறது. பசுமை என்ற முத்திரை எதற்குக் கிடைக்கிறது, யாருக்கு மறுக்கப்படுகிறது என்பதைக் கவனிக்க இதைவிட நல்ல பாடம் இல்லை.

குப்பைக்கு வருவோம். ஏழைகளுக்கு அதிக எண்ணிக்கையில் கிடைக்கும் பசுமை வேலை இதுதான், மிக மோசமாக நடத்தப்படும் வேலையும் இதுதான். தமிழ்நாட்டு ஊராட்சிகளில் பச்சை உடுப்போடு தள்ளுவண்டி ஓட்டும் தூய்மைக் காவலர்கள் சுமார் 66 ஆயிரம் பேர். மாத மதிப்பூதியம் 3,600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயரவே ஆண்டுகள் ஆயின. ஊதியம் என்று சொன்னால் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் குறுக்கே வரும் என்பதால் ‘மதிப்பூதியம்’ என்று பெயர் வைத்தார்களோ என்னவோ. 2025 ஆகஸ்டில் சென்னையில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியைத் தனியாரிடம் கொடுத்ததை எதிர்த்துத் தொழிலாளர்கள் ரிப்பன் மாளிகை வாசலில் 13 நாள் உட்கார்ந்தார்கள். நள்ளிரவில் போலீஸ் அப்புறப்படுத்தியது.

புனேயில் கதை வேறு. அங்கே குப்பை பொறுக்கும் பெண்கள் 1993-இலேயே சங்கம் வைத்தார்கள். அந்தச் சங்கத்திலிருந்து கிளைத்த ‘ஸ்வச்’ கூட்டுறவோடு மாநகராட்சி 2008-இல் ஒப்பந்தம் போட்டது. வீட்டுக்கு வீடு குப்பை வாங்கும் உரிமையும், வீட்டார் தரும் கட்டணமும், பிரித்து விற்கும் பழைய பொருளின் பணமும் உறுப்பினருக்கே. கேரளத்தில் குடும்பஸ்ரீயோடு இணைந்த ஹரித கர்ம சேனைப் பெண்கள் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் வாங்கிக் கட்டணம் பெறுகிறார்கள். ஒரே குப்பைதான், ஒப்பந்ததாரரிடம் கூலிக்குப் போகிறார்களா, தாங்களே ஒப்பந்ததாரரா என்பதில்தான் வித்தியாசம்.

அதே கேரளத்தில் கொல்லம் நீண்டகரைத் துறைமுகத்தில் 2017-இல் தொடங்கிய ‘சுசித்வ சாகரம்’ காரைக்காலுக்கு நேரடியாகப் பொருந்தும். விசைப்படகுக்காரர்கள் வலையில் சிக்கும் பிளாஸ்டிக்கைக் கடலிலேயே உதறாமல் பையில் கட்டிக் கரைக்குக் கொண்டுவருவார்கள். மீனவப் பெண்கள் அதைக் கழுவிப் பிரித்துத் துருவுவார்கள். துருவல் தார்ச்சாலைக்குப் போகும். தார்ச்சாலையில் பிளாஸ்டிக் கலக்கும் முறையைக் கண்டது மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன், 2018-இல் பத்மஸ்ரீ. கண்டுபிடிப்பு தமிழ்நாட்டுடையது, துறைமுகத்துக்குக் கொண்டுபோனவர்கள் கேரளத்தார்.

நூறு நாள் வேலையைச் சொல்லாமல் இந்தக் கட்டுரை முழுமையாகாது. உலகத்தின் மிகப் பெரிய பசுமை வேலைத் திட்டம் அதுதான், யாரும் அந்தப் பெயரில் அழைக்காவிட்டாலும். அமெரிக்காவில் ரூஸ்வெல்ட் 1933-இல் இளைஞர் படையைத் திரட்டி மரம் நட்டதும், தென்னாப்பிரிக்கா 1995 முதல் ஏழைகளுக்குக் கூலி கொடுத்து நீர் உறிஞ்சும் அயல் மரங்களை வெட்டச் செய்வதும் இதே குலத்தைச் சேர்ந்தவை. நம்மூரில் குளம், வாய்க்கால், ஏரிக்கரை, மரக்கன்று எல்லாம் இந்த அட்டைதாரர்கள் கையால் நடந்தவை. புதுச்சேரியில் 2025-26-இல் நாள்கூலி 336 ரூபாயாக இருந்தது. காலையும் பிற்பகலும் செயலியில் படம் எடுத்தால்தான் வருகை பதிவானது. சிக்னல் கிடைக்காத நாளில் மண் வெட்டியவருக்கும் கூலி தொங்கியது. நூறு நாள் என்பது பெயரளவில்தான் இருந்தது. நாட்டுச் சராசரியே 50 நாள் அளவு, புதுச்சேரியில் அதைவிடக் குறைவு.

ஆனால் காரைக்கால் ஒரு முறை இதை வேறு மாதிரி செய்து பார்த்தது. காவிரி நடுவர் மன்றம் புதுச்சேரிக்கு ஒதுக்கிய 7 டி.எம்.சி. நீரை நம்பியிருக்கும் கடைமடை இது. 2019 வறட்சியில் அப்போதைய ஆட்சியர் விக்ராந்த் ராஜா ‘நம் நீர்’ என்ற இயக்கத்தைத் தொடங்கினார். அரசுத் துறைகள், கோயில்கள், தொழிற்சாலைகள், பொதுமக்கள் என்று ஆளுக்குக் குளங்களைப் பிரித்துக்கொண்டார்கள். நூறு நாள் தொழிலாளர்கள் வாய்க்காலில் இறங்கினார்கள். சில மாதத்தில் 170-க்கும் மேற்பட்ட குளங்கள் தூர் வாரப்பட்டன. 160 சதுர கிலோமீட்டர் அளவே உள்ள மாவட்டத்துக்கு அது பெரிய காரியம். ஒரே குறை, அது இயக்கமாக நடந்தது. இயக்கத்துக்கு உற்சாகம் உண்டு, சம்பளப் பட்டியல் கிடையாது. ஆகாயத்தாமரை திரும்ப வருவதற்கு ஒரு மழை போதும். திரும்ப எடுக்க ஆள் வைப்பது யார் கணக்கில் என்று எழுதப்படவில்லை.

2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நூறு நாள் சட்டத்துக்குப் பதிலாகப் புதிய சட்டம் கொண்டுவந்தது. வேலை 125 நாள். நீர்ப் பாதுகாப்பும் கடும் வானிலையைத் தாங்கும் பணிகளும் அதன் முக்கியப் பிரிவுகள். காகிதத்தில் டெல்டாவுக்குத் தைத்த சட்டை. ஆனால் செலவில் 40 சதவீதம் மாநிலம் தலையில், சட்டமன்றம் உள்ள ஒன்றியப் பகுதியான புதுச்சேரி தலையிலும். நடவு, அறுப்புக் காலத்தில் 60 நாள் வரை வேலையை நிறுத்திவைக்கலாம். எந்திரம் நடும் ஊரில் அந்த 60 நாளில் கூலிக்காரர் எங்கே போவார் என்ற கேள்விக்குச் சட்டத்தில் பதில் இல்லை.

காரைக்காலின் இன்னொரு சங்கடம் எல்லை. தமிழ்நாட்டின் கடலோரத் திட்டங்கள் நண்டலாற்றில் வந்து நின்றுவிடும். 2020-இல் டெல்டா மாவட்டங்களுக்கு வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டமும் தமிழ்நாட்டுச் சட்டம் என்பதால் மூன்று பக்கமும் டெல்டா சூழ்ந்த காரைக்காலுக்குப் பொருந்தாது. வேலை என்றால் இங்கே எடுத்துக்காட்டப்படுவது வாஞ்சூர்த் துறைமுகமும் திருமலைராயன்பட்டினம், போலகம் தொழிற்சாலைகளும்தான். அதானி குழுமம் 2023-இல் 1,485 கோடிக்கு வாங்கிய அந்தத் துறைமுகத்தின் நிலக்கரித் தூசி பற்றி நாகூர், பட்டினச்சேரி மக்கள் பல ஆண்டாகப் புகார் சொல்லிவருகிறார்கள்.

சின்ன ஊர் என்பதில் ஓர் ஆதாயமும் உண்டு. இரண்டு லட்சம் பேர், இருபது கிலோமீட்டர் கரை, ஒரே ஆட்சியர், 1987-இல் தொடங்கிய வேளாண் கல்லூரி ஒன்று, திருவேட்டக்குடியிலேயே ஒரு தேசியத் தொழில்நுட்பக் கழகம். மீன்பிடித் தடைக்காலத்தின் 61 நாளை நிவாரணக் காலமாக மட்டும் பார்க்காமல், முகத்துவார வாய்க்கால் வெட்டவும் கரையில் ஒதுங்கிய வலைகளை அள்ளவும் முழுக் கூலி தரும் காலமாக்க இங்கே முடியும். நிவாரணத்தை நிறுத்திவிட்டு அல்ல, அதற்கு மேல். வாய்க்காலுக்கு வாய்க்கால் பெண்கள் குழுவோடு ஐந்தாண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் போடவும் முடியும். சாலை போட்டவருக்கே பராமரிப்பையும் ஒப்படைக்கும் அரசு, குளம் தூர் வாரிய பெண்களுக்கு அதைக் கொடுக்கக் கூடாது என்று எந்த விதியும் இல்லை.

உடனடி வாய்ப்பு ஒன்று கண்முன்னே இருக்கிறது. மத்திய மீன்வளத் துறை 2024-இல் நாட்டில் மூன்று துறைமுகங்களை நவீன, சூழலுக்கு உகந்த மீன்பிடித் துறைமுகங்களாக்கத் தேர்ந்தெடுத்தது: தாமன்-தையூவின் வனக்பாரா, குஜராத்தின் ஜக்காவ், நம் காரைக்கால். மூன்றுக்குமாக 369.8 கோடி ரூபாய். ஏலக்கூடம், சூரிய விளக்கு, கேமரா எல்லாம் வரைபடத்தில் இடம்பெறுவது எளிது. பழைய வலைக்கும் கடல் பிளாஸ்டிக்குக்கும் எடைக்கு விலை தரும் கொட்டகை ஒன்று, கழுவிப் பிரித்துத் துருவும் கூடம் ஒன்று, அதை நடத்தும் உரிமை மீனவப் பெண்கள் கூட்டுறவுக்கு என்ற ஒரு வரி ஆகிய மூன்றையும் துறைமுகத்தின் நடைமுறை விதிகளில் எழுதிவைக்க வேண்டும். ஒப்பந்தம் தனியார் கைக்குப் போன பிறகு கேட்டால் கிடைக்காது. கிளிஞ்சல்மேட்டிலிருந்து மண்டபத்தூர் வரை ஊர்ப் பஞ்சாயத்தார் இப்போதே கேட்கட்டும்.